ஆம்பூர் தோல் ஷூ: விறைப்பு எவ்வளவு நாள் நிற்கும்?

வேலூர்க் கடைகளில் கிடைக்கும் ஆம்பூர் ஷூக்களில் மேல்தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உள்பாகத்தில்தான். முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் உள்ளே ஷாங்க் பட்டை (சோலின் நடுப்பகுதியைத் தாங்கும் விறைப்பான பட்டை) இல்லை, அல்லது மெலிசு. அப்படிப்பட்டது என்ன விலைக்கும் வேண்டாம், சீக்கிரமே தொய்ந்துவிடும். குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உடனே மீள வேண்டும். அந்த இடத்தில் உள்ளே அட்டை வைத்த ஷூ வியர்வையில் ஊறி நைந்துபோகும்.

பியூ (பாலியூரித்தேன்) சோல் ஷூவை வருஷக்கணக்கில் பெட்டியிலேயே வைக்காதீர்கள், காற்றின் ஈரத்திலேயே பொடிந்து உதிரும். நனைந்தால் செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வேலூர் வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், உள்ஈரம் காய 24 மணி நேரமாவது வேண்டும்.