தண்டையார்பேட்டைத் தேன் கடையும் சட்டமிட்ட ஆய்வறிக்கையும்

மார்த்தாண்டம் ரப்பர் தோட்டத் தேனும் முருங்கைத் தேனும் விற்கும் இந்தச் சிறு கடை, தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. சுவையிலும் மணத்திலும் குறை இல்லை. நான் விரிவாக எழுத விரும்புவது, கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஆய்வறிக்கையைப் பற்றியும், அதை நம்பி எல்லாப் பாட்டிலிலும் ஒட்டியிருக்கும் 'பூச்சிமருந்து அறவே இல்லாதது' என்ற வாசகத்தைப் பற்றியும்தான்.

அறிக்கையில் இமிடாகுளோபிரிடு என்ற பூச்சிமருந்துக்கு எதிரே 'கண்டறியப்படவில்லை' என்றும், அடுத்த கட்டத்தில் அளவிடும் எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருக்கிறது. அதற்குக் குறைவான எச்சத்தை அந்த ஆய்வு காட்டாது. ஆகவே 'அறவே இல்லை' என்று சொல்ல இடமில்லை.

அதற்காக அஞ்சவும் வேண்டாம். அந்த எல்லையைப்போல் ஐந்து மடங்கு, அதாவது கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் எச்சம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 20 கிராம் தேன் சாப்பிடுபவரின் உடலுக்குள் போவது 0.001 மில்லிகிராம். வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு இந்த மருந்துக்கு வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3.6 மில்லிகிராம், உள்ளே போனது அதில் 3,600-இல் ஒரு பங்கு. 15 கிலோ எடையுள்ள குழந்தை அதே 20 கிராம் சாப்பிட்டால் 900-இல் ஒரு பங்காகிவிடுகிறது என்பதால், மதிப்பீட்டைக் குழந்தையை வைத்தே செய்ய வேண்டும். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது, அது பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும் என்பதற்காக.)

என் குறை வேறு. அறிக்கையில் சோதித்ததாகக் காட்டும் மருந்துகளின் பட்டியலில் டி.டி.டி., 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் போன்ற பழைய மருந்துகளே அதிகம். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்துகள் அதில் இல்லை. இவ்விரண்டும் உடலில் ஒரே நொதியை முடக்குபவை, காய்கறி வழியாகவும் வருபவை. எனவே ஒவ்வொன்றும் உடலுக்குள் போகும் அளவு அதனதன் தீங்கில்லாத வரம்பில் எத்தனை பங்கு என்று கண்டு, அவற்றைக் கூட்டி, மொத்தம் ஒன்றைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, அறிக்கையில் உள்ள பேட்ச் எண் ரப்பர் தேனுடையது. முருங்கைத் தேன் பாட்டிலில் இருப்பது வேறு எண். மருந்து அடிப்பதோ முருங்கைத் தோட்டத்தில் வழக்கம்.

கேட்டபோது உரிமையாளர் மழுப்பவில்லை. "முருங்கைத் தேனை இன்னும் டெஸ்டுக்குக் கொடுக்கலைங்க, அடுத்த லாட்ல கொடுத்துடறேன்" என்றார். அதுவரை அந்தப் பாட்டில்களிலிருந்து வாசகத்தை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். ரப்பர் தேனைத் தயங்காமல் வாங்கலாம்.