பூசணிக்காய் உடைத்த பிறகும் அந்த நம்பரை யாராவது எடுப்பார்களா?

பத்து வருஷத்துக்கு மேல் காஸ்ட்யூம் டிபார்ட்மென்டில் வேலை பார்க்கிறேன். முதல் ஷெட்யூலுக்குக் கிளம்பும் முன்னால் யூனிட்டை உட்கார வைத்து, பாலியல் தொல்லை என்றால் என்ன, நடந்தால் யாரிடம் போவது என்று பேசியதை இந்தப் படத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதற்காகத் தயாரிப்பாளர் தரப்பில் ஒரு பயிற்சி நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். மூன்று மணி நேர வகுப்பு, படத்தின் புகார்க் குழுவுக்கு ஒரு வெளி உறுப்பினர், ஸ்பாட்டில் ஒட்ட நோட்டீஸ், இவ்வளவும் சேர்ந்ததுதான் அவர்கள் தரும் சேவை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்தப் படம் என்று தெரிந்துவிடும், அப்புறம் அன்றைக்கு அங்கே எழுந்து பேசிய பெண்கள் யார் என்றும் தெரிந்துவிடும்.

இது ஏன் இப்போது வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகையைக் காரில் கடத்தித் தாக்கினார்கள். அதன் பிறகு மலையாள சினிமாப் பெண்கள் ஒன்றுசேர்ந்து போய்க் கேட்டதால்தான் சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் கேரள அரசு குழு போட்டது. 2019 டிசம்பர் கடைசியில் அரசின் கைக்குப் போன அந்த அறிக்கை 2024 ஆகஸ்ட் 19ஆம் தேதிதான் வெளியே வந்தது, அதுவும் பல பக்கங்களை எடுத்துவிட்டு. அடுத்த மாதமே இங்கே தமிழ்நாட்டில் நடிகர் சங்கமும் தீர்மானம் போட்டது. புகார் நிரூபணமானால் 5 வருஷம் தடை, பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி, அதோடு மீடியாவுக்குப் போகாமல் முதலில் கமிட்டியிடம் வாருங்கள் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வரி எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கேட்க ஆள் இருந்திருந்தால் யார் மைக் முன்னால் போய் நிற்கப் போகிறார்கள்?

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் ஒரு மணி நேரம் வீண். ஏதோ ஐடி கம்பெனிக்குச் செய்து வைத்த ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். கோட் போட்ட மேலதிகாரி, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், லிஃப்ட், காபி மெஷின். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் லிஃப்ட் உள்ள ஆபீஸில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. வேலை இடத்துப் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன 1997 விசாகா தீர்ப்பு, அதைத் தடுக்க 2013இல் வந்த போஷ் சட்டம், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் புகார்க் குழு, அதற்கு ஒரு பெண்தான் தலைவர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், குழு போடாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்று வரிசையாகப் படித்தார் வகுப்பெடுத்த தம்பி. தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் லைட் டிபார்ட்மென்ட் அண்ணன்கள் போனை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் வக்கீல் அம்மா பேச வந்தார். வெளி உறுப்பினராக வரப்போகிறவரும் அவர்தான். ஸ்லைடை அணைக்கச் சொல்லிவிட்டு நேராக எங்கள் வேலைக்குள் வந்தார். தினக்கூலி, ஏஜென்ட் மூலம் வந்தவர், ஒரே ஒரு நாள் வந்து போகிற டான்ஸர் என எல்லாருமே சட்டப்படி ஊழியர்தான் என்றார். கம்பெனி அனுப்புகிற வேனும் வேலை இடம்தான், வேலைக்காகத் தங்கும் அவுட்டோர் ஹோட்டலும் வேலை இடம்தான். ஒவ்வொரு படத்தின் யூனிட்டும் தனித்தனியாகக் குழு வைத்தாக வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொன்னதையும், அந்த வழக்கைப் போட்டது யார், எதற்காக என்பதையும் கதை மாதிரி சொன்னார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹேர் டிரஸ்ஸர் பெண், "வேனும் கணக்கா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்று அவரும் இரண்டு தடவை சொன்னார்.

கேள்வி நேரத்தில் எதிர்பார்த்தது வந்தது. ஒரு உதவி இயக்குநர் எழுந்து, "எல்லாம் சரி மேடம், பத்து வருஷம் கழிச்சு வந்து பேர் சொன்னா எப்படி? ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார். 2018 அக்டோபரில் பாடகி சின்மயி பழைய பாலியல் தொல்லை பற்றி வெளியே பேசியதிலிருந்து டீக்கடையிலும் டிவியிலும் வாட்ஸப்பிலும் இதே கேள்விதான். அந்த அம்மா அவரைக் கோபிக்கவில்லை. ஒரு சம்பவத்தைச் சொன்னார். 19 வயசு டான்ஸர், அவுட்டோர், மூன்றாவது நாள் ராத்திரி ஒருத்தர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். மறுநாள் காலையில் அவள் யாரிடம் சொல்வாள்? நீங்களே சொல்லுங்கள் என்று சபையிடம் விட்டுவிட்டார். கோஆர்டினேட்டரிடம் என்றார் ஒருவர். அடுத்த படத்துக்குக் கூப்பிட வேண்டியவரே அவர்தானே என்று இன்னொருவர். மேனேஜரிடம்? அவளை மேனேஜருக்கு யாரென்றே தெரியாது. டான்ஸ் மாஸ்டரிடம்? தட்டியது அவருடைய ஆளாகவே இருந்தால்? கடைசியில் முப்பது வருஷம் சர்வீஸ் உள்ள எங்கள் மேக்கப் அண்ணன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சொல்ல மாட்டா மேடம். மறுநாள் ஷூட்டிங் வர மாட்டா. நாம வேற பொண்ணைக் கூப்பிட்டுக்குவோம்."

அதுதான் நடக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் அளவுக்குப் பிடித்துத் தைத்த பாவாடையை அவசர அவசரமாகப் பிரித்து வேறொரு பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், முதலில் வந்தவள் ஏன் வரவில்லை என்று கேட்காமலே.

முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் மேல் பாலியல் புகார் சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது அவர் போட்ட அவதூறு வழக்கில் பிரியாவை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டு கழித்தும், தான் விரும்பும் இடத்தில் தன் குறையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் சொன்னதை வக்கீல் அம்மா அதோடு சேர்த்தார். அது பத்திரிகைத் துறை விவகாரம்தான், ஆனால் "ஏன் அப்பவே சொல்லல" என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. அதே நேரம் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தையும் அவர் ஒதுக்கவில்லை. புகாரின் நகல் அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் தரப்பையும் சாட்சிகளையும் கேட்க வேண்டும், 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தது என்று தெரிந்தால் அதற்கும் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனதாலேயே ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் யூடியூப் விவாதங்களில் பாதி அடங்கிவிடும். இரண்டு பேர் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். தம்ப்நெயிலில் படம் போட்டு வட்டம் வரைகிறவர்களுக்கு அது தெரிவதில்லை, தெரிந்தாலும் கவலையில்லை.

இப்போது குறைகள். முதல் குறை, வகுப்புக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. ஷூட்டிங் இல்லாத நாளில் வைத்தார்கள், அன்றைக்கு பேட்டா கிடையாது. அதனால் துணை நடிகர்கள், டான்ஸர்கள், டச்-அப் பெண்கள் என்று யாருக்கு இது முக்கியமாகத் தேவையோ அவர்கள் யாரும் இல்லை. சம்பளத்தோடு ஒரு அரை நாள் கொடுங்கள் என்று பயிற்சி நிறுவனம்தான் தயாரிப்பாளரிடம் கறாராகச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, நோட்டீஸ். ஸ்பாட்டில் சாப்பாடு போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள், பளபளவென்று இருந்தது. தொடர்புக்கு என்று கீழே போட்டிருந்த நம்பரைப் பார்த்தேன். பேட்டா கவர் தரும் புரொடக்ஷன் மேனேஜரின் நம்பர்! எங்கள் எல்லார் போனிலும் ஏற்கனவே இருக்கிற நம்பர். வேலை கொடுப்பவரிடமே போன் போட்டு எந்தப் பெண் புகார் சொல்வாள்? பயிற்சி நிறுவனத்தாரைக் கேட்டபோது, படக் கம்பெனி கொடுத்த நம்பரைத்தான் அச்சடித்தோம் என்றார்கள். வக்கீல் அம்மாவின் கவனத்துக்குப் போனதும் மூன்றே நாளில் மாற்றி, அவருடைய நம்பரையும் குழுத் தலைவி நம்பரையும் போட்டு, தினமும் வரும் கால்ஷீட் பேப்பரின் கீழேயும் அச்சடிக்க வைத்தார். அதை மனதார சொல்லத்தான் வேண்டும். அந்த கால்ஷீட் வந்த அன்றே இரண்டு டான்ஸர் பெண்கள் கேரவனுக்குப் பின்னால் நின்று நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மூன்றாவது என் டிபார்ட்மென்ட் சமாசாரம். அவுட்டோரில் இருபது பெண்கள் உடை மாற்ற வேண்டும் என்றால், நானும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அதுதான் மறைப்பு. காற்றடித்தால் அதுவும் இல்லை. பாத்ரூம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலேயே இருக்கிறார்கள் என்று ஹேமா அறிக்கை எழுதியதே, அது இங்கேயும் அப்படியேதான். மூன்று மணி நேர வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து சொன்ன பிறகு வக்கீல் அம்மா குறித்துக்கொண்டார். அடுத்த ஷெட்யூலில் ஜிப் வைத்த கூடாரம் இரண்டு வந்தது.

இதே அம்மா வருவதாக இருந்தால் எந்தப் படத்துக்கும் இவர்களைக் கூப்பிடச் சொல்வேன். ஸ்லைடு மட்டும்தான் என்றால் வேண்டாம், அந்த நேரத்தில் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யலாம்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி தீரவில்லை. புகார் கொடுக்கச் சட்டம் 3 மாதம் தருகிறது, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். எங்கள் யூனிட்டோ படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த அன்று சாயங்காலமே கலைந்துவிடும். ஆபீஸ் அறையைக் காலி செய்வார்கள், வாட்ஸப் குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறுவோம், பாக்கிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் பல பெண்களுக்கு வாய் திறக்கவே தைரியம் வரும். அப்போது குழு இருக்குமா? வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். படப்பிடிப்பு முடியும் வரைக்கும்தான் என் ஒப்பந்தம் என்றார், அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். கடைசி நாளிலிருந்து 6 மாதம் குழு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி நானும் மேக்கப் அண்ணனும் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஒரு ஷெட்யூல் பாக்கி இருக்கிறது.