மசக்கையும் பல்லிடுக்கும்: ஃப்ளாஸா, இடுக்குப் பிரஷா, வாட்டர் ஃப்ளாஸரா?

கர்ப்ப காலத்தில் பல் துலக்கும்போது ரத்தம் தெரிந்தால் பலரும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் இன்னும் கூடுவதற்கு அதுவே காரணமாகிறது. புரொஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறியிருக்கும் மாதங்களில், மற்ற நாட்களில் தாங்கிக்கொள்ளும் அதே அளவு பிளேக்குக்கே (பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்) ஈறு சிவந்து வீங்கும். பெரும்பாலும் 2-ஆம் மாதவாக்கில் தொடங்கி, 8-ஆம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும். டூத் பிரஷ் எட்டாத பல்லிடுக்குதான் முதலில் மாட்டும்.

மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், நாளுக்கு இரண்டு முறை என்பதில் சர்ச்சை இல்லை. இடுக்குக்கு எது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு, மெல்லிய கம்பியைச் சுற்றி இழைகள் கொண்ட, இன்டர்டென்டல் பிரஷ் எனப்படும் இடுக்குப் பிரஷுக்கு.

ஃப்ளாஸ் நூலின் பலம் நெருக்கமான முன்பற்கள். அங்கே வேறெதுவும் நுழையாது. சுமார் 45 செ.மீ. நூலை இரு நடுவிரல்களில் சுற்றி, பல்லை அணைத்தபடி வளைத்து, ஈறு விளிம்புக்குச் சற்றே கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். அழுத்திச் சடக்கென்று இறக்கினால் வீங்கிய ஈறு கிழியும். கடைவாய்க்குப் போனால் இரண்டு கை விரல்களும் வாய்க்குள் நுழைய வேண்டும். மசக்கை உள்ளவருக்கு அங்கேயே ஓங்கரிப்பு வந்துவிடும்.

நீரைப் பீய்ச்சி இடுக்கைக் கழுவும் வாட்டர் ஃப்ளாஸர் ரத்தக்கசிவைக் குறைக்க உதவும். பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பொருத்திய செயற்கைப் பல்) உள்ளவர்களுக்கும் நல்ல துணை. ஆனால் ஒட்டிக்கொண்ட பிளேக்கை உரசி எடுக்கிற வேலையை நீர்த்தாரை முழுதாகச் செய்யாது. வாயில் தண்ணீர் தேங்குவதே சிலருக்குக் குமட்டும். குனிந்து, உதட்டை லேசாகத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான நீரில், மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

இடுக்குப் பிரஷை முன்னே நிறுத்துவது இந்த ஓங்கரிப்பு விஷயம்தான். எந்த முறையானாலும் தினமும் செய்தால்தான் ஈறு அடங்கும். குமட்டல் நாளில் கைவிட நேரும் முறை எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தும் பயனில்லை. இடுக்குப் பிரஷுக்கு ஒரு கை போதும், விரல் உள்ளே போக வேண்டாம், பேஸ்ட்டும் தேவையில்லை, நுரை கிடையாது. காலையில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வயிறு அமைதியாக இருக்கும் எந்த நேரமும் சரி. கடைவாய்ப் பற்களுக்கு வாயைப் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். மேல்வரிசைக்கு முனையை விரலால் லேசாக வளைத்துக்கொள்ளலாம்.

சறுக்குவது அளவில். இழைகள் இரு பக்கமும் பல்லைத் தொட வேண்டும், நடுக்கம்பி தொடக்கூடாது. திணித்தால்தான் போகும் என்றால் ஓர் அளவு குறையுங்கள். உரசலே தெரியாமல் போய் வந்தால் ஓர் அளவு கூட்டுங்கள். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். நேராக உள்ளே விட்டு, சில முறை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். உள்ளே வைத்துத் திருகினால் கம்பி முறியும். வீக்கம் வடிந்ததும் இடுக்கு அகன்றது போலாகி, பழைய அளவு தொளதொளக்கும். இதைக் கவனிக்காமல் அதே அளவில் தொடர்ந்தால் பிளேக் அப்படியே நிற்கும்.

ஆதாரம் எவ்வளவு வலுவானது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு, ஈறு அழற்சியில் இடுக்குப் பிரஷ் ஃப்ளாஸைவிட மேலாக இருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. ஆனால் நம்பகத்தன்மை குறைவு என்று அதுவே சொல்கிறது. எனவே பிரஷ் நுழையாத இடுக்குக்கு மட்டும் ஃப்ளாஸ் என்று கலந்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்குச் சரி.

வாந்தி எடுத்த உடனே துலக்க வேண்டாம். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் தேய்த்துவிடும்.

சரியான அளவில் இரண்டு வாரம் தினமும் செய்தும் ரத்தம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் ஈறுக்கடியில் காரை (கெட்டியாகிவிட்ட பிளேக்) படிந்திருக்கும். அதை இந்த மூன்றில் எதுவும் எடுக்காது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும், கர்ப்பம் அதற்குத் தடையல்ல. இரு பற்களுக்கிடையே சிவந்த சதைக்கட்டி முளைத்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.