சொல்லிச் சோதிப்பதா, தொட்டுச் சோதிப்பதா?

லார்ப் (வேடமிட்டு, கதாபாத்திரமாகவே நடித்து ஆடும்) ஆட்டத்தில் மயங்கிக் கிடப்பதாக நடிப்பவரிடம் திருட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு.

சொல்லிச் சோதிப்பதில் கை படாது. பக்கத்தில் மண்டியிட்டு, "உங்களைச் சோதிக்கிறேன்" என்று சொல்லி, விதியில் உள்ளபடி 30 அல்லது 60 வரை எண்ண வேண்டும். முடிந்ததும் அவரே ஆட்டப் பொருள்களை எடுத்துக் கொடுப்பார். இருட்டில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் இதுதான் சரிப்படும். குறை என்னவென்றால், ஒளிக்கும் சாமர்த்தியத்துக்கு மதிப்பே இல்லை. பூட்ஸ் மடிப்பில் செருகிய சீட்டும் இடுப்புப் பையில் கிடக்கும் காசும் ஒரே எண்ணிக்கையில் வெளியே வந்துவிடும். எனவே இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்கவையுங்கள்: "இடது பூட்ஸ்", "தொப்பியின் உள்பக்கம்". கேட்காத இடத்தில் இருப்பது தப்பும். ஆனால் பொருள் நிஜமாகவே அங்கே இருக்க வேண்டும். மூன்றடி வாளை "பூட்ஸுக்குள் வைத்திருக்கிறேன்" என்றால் செல்லாது.

தொட்டுச் சோதிப்பதில் விறுவிறுப்பு அதிகம், தகராறும் அதிகம். ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால், காரணம் கேட்காமல், சொல்லிச் சோதிக்கும் முறைக்கு மாற வேண்டும். பை, தொப்பி, மேலங்கியின் வெளிப் பாக்கெட் தவிர வேறெங்கும் கை போகக் கூடாது. அப்படியானால் உள்ளாடைக்குள் ஒளிப்பதையும் தடை செய்தாக வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த முறையானாலும் கார் சாவி, போன், இன்ஹேலர் எல்லாம் அடையாளத் துணி கட்டிய தனிப் பையில் இருக்கட்டும். அந்தப் பையிலோ தூங்கும் கூடாரத்திலோ ஆட்டப் பொருளை வைப்பது ஒளிப்பதல்ல, ஏமாற்று. புதிய குழுவுக்கு, இடம் சொல்லிக் கேட்கும் முறையே என் தேர்வு.