டாக்டர் வீடியோ சந்திப்பை ரத்து செய்யும் டூல்: ஏஐ ஏஜென்டுக்கு விளக்கத்தை எங்கே எழுதுவது?

கும்பகோணத்தில் ஒரு மாடியறையில் மூன்று பேராக, வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் சேவை ஒன்றுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். இப்போது நோயாளிக்குப் பதிலாக ஏஐ ஏஜென்டே வந்து சந்திப்பை ரத்து செய்யும்படி ஒரு டூல் (ஏஜென்ட் கூப்பிட்டு இயக்கும் சின்ன நிரல்) திறந்துவிட்டிருக்கிறோம். டூலை எழுத ஒரு நாள்தான் ஆனது, அதற்கு விளக்கம் எங்கே எழுதுவது என்ற சண்டைதான் மூன்று வாரம் ஓடியது.

முதல் வழி சோம்பேறி வழி. ஏற்கெனவே இருக்கும் ஓபன்ஏபிஐ ஆவணத்தை (நம் சர்வரை எப்படிக் கூப்பிடுவது என்று மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சொல்லும் குறிப்பு) அப்படியே டூலாக மாற்றிவிடுவது. அரை மணி நேர வேலை, கோடு (நிரல்) மாறினால் விளக்கமும் தானாக மாறும், அது நிஜமான லாபம். ஆனால் அந்த ஆவணம் பக்கத்து சீட்டுக்காரரிடம் சந்தேகம் கேட்கத் தெரிந்த மனிதருக்காக எழுதியது. ஃபயர் (FHIR) என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரத்தில் சந்திப்பின் நிலைகளில் 'கேன்சல்டு' (ரத்தானது), 'நோஷோ' (நோயாளி வரவில்லை), 'என்டர்ட் இன் எரர்' (தவறாகப் பதிந்தது) என மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. எது எப்போது என்று நமக்குத் தெரியும், தானாக உருவான விளக்கத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். (ரத்துக் காரணத்துக்கான புலத்தின் ஆங்கிலப் பெயரில், அந்தத் தரத்தின் நான்காம் பதிப்பில் ஒரு 'எல்', ஐந்தாம் பதிப்பில் இரண்டு. இதில் எனக்கு ஒரு சாயங்காலம் போனது.) நேரமும் அப்படித்தான். சர்வர் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) 04:30 என்று கொடுக்க, காலை 10 மணி சந்திப்பை ஏஜென்ட் "அதிகாலை நாலரை மணி" என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது வழி, விதிகளையெல்லாம் சிஸ்டம் பிராம்ப்ட்டில் (ஏஜென்டுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கும் பொது உத்தரவு) கொட்டுவது. நம்முடைய சொந்த ஏஜென்ட் என்றால் சரி. எம்சிபி (ஏஜென்ட்களை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறை) வழியாக வெளியில் இருந்து வரும் ஏஜென்டின் பிராம்ப்ட் நம் கையில் இல்லையே, அடுத்த வீட்டுச் சமையலறையில் போய் உப்பு போட முடியுமா? இதை அன்றே கைவிட்டோம்.

மூன்றாவது, டூலின் விளக்கத்தையே கையால் எழுதுவது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் நம்ம ஊர் பேச்சு. குறுவை நடவு நேரத்தில் ஒருத்தர் "செவ்வாய்க்கிழமை நடவு ஆள் வர்றாங்க, டாக்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்கிறார். அவர் கேட்பது ரத்து இல்லை, வேறு நாள். சோதனையில் ஏஜென்ட் பட்டென்று ரத்து செய்தது, அந்த இடம் உடனே வேறு ஒருவருக்குப் போனது, இவருக்கு அடுத்த நாள் கேட்டால் வாரம் தள்ளிக் கிடைக்கிறது. "வேண்டாம்", "இன்னிக்கு முடியாது", "அப்புறம் பாத்துக்கலாம்" மூன்றும் ரத்து மாதிரியே காதில் விழும். அதனால் விளக்கத்தின் முதல் வரியில் டூல் என்ன செய்யும் என்பதையும், இரண்டாவது வரியில் எப்போது இதைத் தொடக்கூடாது என்பதையும் வைத்தோம்: வேறு நாள் வேண்டுமா என்று முதலில் கேள், ஆம் என்றால் தேதி மாற்றும் டூலுக்குப் போ. "ஆடிப்பெருக்கு அன்னிக்கு" மாதிரி நாள் சொன்னால் தேதியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய் என்று ஒரு வரி சேர்த்தோம். இதற்குக் குறை உண்டு. கோடு மாறும்போது யாராவது ஞாபகமாக இதையும் திருத்த வேண்டும்.

எம்சிபியில் 'டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட்' (இந்த டூல் எதையாவது அழிக்கக்கூடும் என்ற குறிப்பு) என்று ஒரு குறி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் போதும் என்றார் எங்கள் ஆள் ஒருத்தர். போடுங்கள், தப்பில்லை. ஆனால் பெயரே 'ஹின்ட்', ஏஜென்ட் பக்கம் அதைக் கண்டுகொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நான்காவது வழி, டூல் திருப்பித் தரும் பதிலிலேயே விளக்கத்தை வைப்பது. இதற்கு நாங்கள் யோசித்து வரவில்லை, அடிபட்டு வந்தோம். கரண்ட் போய் நெட் அறுந்தது, ரத்து ஆகிவிட்டது, பதில் மட்டும் ஏஜென்டுக்குப் போய்ச் சேரவில்லை. அது மறுபடி கூப்பிட்டது. சர்வர் "கிடைக்கவில்லை" என்றது. உடனே ஏஜென்ட் அதே போன் நம்பரில் இருந்த இன்னொரு சந்திப்பைத் தேடி எடுத்து அதையும் ரத்து செய்துவிட்டது. சோதனைத் தரவுதான், இருந்தாலும் வயிறு கலங்கியது. இந்தப் பக்கம் மாமனார், மாமியார், மருமகள் எல்லோருக்கும் ஒரே நம்பர்தான் கொடுத்திருப்பார்கள். இப்போது டூல் போன் நம்பரையே வாங்காது, முன்பதிவு எண் மட்டும். இரண்டாவது முறை அதே எண்ணோடு வந்தால் "இது ஏற்கெனவே ரத்தாகிவிட்டது, வேறு எதையும் தொடாதே, நோயாளியிடம் இதைச் சொல்" என்று பதில் வரும். ஆவணத்தில் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரி வேலை செய்கிறது, ஏனென்றால் தேவைப்படும் நொடியில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆக இப்போது மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்துதான் ஓடுகிறது, ஓபன்ஏபிஐ எங்களுக்கான ஆவணமாக மட்டும் இருக்கிறது.

ஒன்று மட்டும் கடைசி வரை இழுத்தது. ரத்துக் காரணம் கட்டாயம் என்று ஸ்கீமாவில் (டூலுக்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்) வைத்திருந்தோம். நோயாளி காரணம் சொல்லாதபோது ஏஜென்ட் தானே ஒன்றை எழுதியது: "உடல்நிலை சரியாகிவிட்டது". சர்க்கரைக்கு மாதாமாதம் பார்ப்பவர் பதிவில் இப்படி ஒரு வரி இருந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? கட்டாயத்தை எடுத்துவிட்டு, "நோயாளி சொல்லாவிட்டால் காலியாக விடு" என்று எழுதினோம்.