ரேடியோ டிஜேக்கு எஃப்எல் ஸ்டூடியோ செட் ஆகுமா?

1999லேர்ந்து ஓடுற டிஐ.எஃப்எம் மாதிரி இன்டர்நெட் ரேடியோவுக்கு ட்ரான்ஸ் (ஒரு வகை எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) மிக்ஸ் போட்டுப் பழகினவங்க சொந்தமா ட்ராக் பண்ண இறங்கினா எஃப்எல் ஸ்டூடியோங்கற இந்த மியூசிக் பண்ற சாஃப்ட்வேர தாராளமா வாங்கலாம். 138 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 138 பீட்) எங்க கிக் டிரம் மட்டும் ஓடணும், எங்க பிரேக்டவுன் (பீட் அடங்குற இடம்) வரணும்னு மிக்ஸ் பண்ணியே காதுக்குத் தெரிஞ்சிருக்கும், பாக்கி சவுண்ட் டிசைன்தான் (சத்தத்த நாமளே உருவாக்குறது), அதுலதான் உயிர் போகும். 1996ல ரோலண்ட் ஜேபி-8000 சின்தசைசர் கொண்டுவந்த சூப்பர்சா சத்தம் (பல அலைங்க சேர்ந்து தடியா கேக்குறது) இருக்கே, அத இதுல இருக்கிற சின்த்லயே ஓரளவு புடிச்சிடலாம், ஆனா கொஞ்சம் ஒல்லியாத்தான் கேக்குது. பியானோ ரோல் (நோட்ஸ் எழுதுற கட்டம்) செம, ஆர்பெஜியோ (கார்ட ஒவ்வொரு நோட்டா பிரிச்சு வாசிக்கிறது) எழுத இதவிட ஈசியா நான் பாக்கல. ஒருதடவ காசு கட்டினா அப்டேட் ஆயுசுக்கும் ஃப்ரீ. ட்ரையல்ல சேவ் பண்ணலாம், ஆனா திரும்பத் திறக்க முடியாது (என்னங்க நியாயம் இது!). ரேடியோ ஷோவுக்கு மட்டும் டிஜே சாஃப்ட்வேர் தனியா வச்சுக்கோங்க.