இழுப்போடு வரும் பயம்: இன்ஹேலரா, மூச்சுப் பயிற்சியா, ஆலோசனையா, மாத்திரையா?

சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் டெல்டா ஆஸ்துமாக்காரர்களுக்கு இரட்டைப் பாடு. களத்துத் தூசியும் விடியற்காலைப் பனியும் நெஞ்சை இறுக்கும். இன்றிரவு இழுக்குமோ என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும்.

கை முதலில் இன்ஹேலருக்குத்தான் போகும். சால்பியூட்டமால் பஃப் ஒன்றில் 100 மைக்ரோகிராம். ஸ்பேசர் (இன்ஹேலர் வாயில் மாட்டும் குழல்) வைத்து ஒவ்வொரு பஃப்பாக இழுத்தால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் விரியும். பயத்துக்கு அது மருந்தில்லை. படபடப்பும் கைநடுக்கமும் அதன் பக்கவிளைவுகள் என்பதால், வெறும் பதற்றத்தில் மூச்சு வாங்குகிறவர் அடித்தால் நடுக்கம் கூடும். இன்னும் அடங்கவில்லை என்று மறுபடி அடிப்பார். விரல் நுனி, உதட்டோரம் மரத்துப்போவது பதற்ற மூச்சின் அடையாளம். வீசிங், இரவு இருமல் ஆஸ்துமாவினுடையவை. இரண்டும் சேர்ந்தும் வரும், அதுதான் சிக்கல். மூச்சு வெளிவரும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிப் பாருங்கள். உங்கள் நல்ல நாள் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயத்தின் பங்கு பெரிது. 50க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, இன்ஹேலர் அடித்தபடியே 108. சந்தேகமென்றால் ஆஸ்துமா என்றே கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சி மலிவு. பதற்றத்தைக் குறைப்பதில் நல்ல பலன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பழகாதவருக்கு இழுப்பு நேரத்தில் இது கைகொடுக்காது. மூச்சுக்குழாய் வீக்கத்தையும் இது ஆற்றாது. பயிற்சியை நம்பி, வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த அறுப்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

ஆலோசனை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் கல்யாண வீட்டில் இன்ஹேலரை எடுக்கக் கூச்சம், பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒளித்து வைப்பது, இதற்கெல்லாம் வேறு வைத்தியம் கிடையாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மோசமான தேர்வு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'பயத்துக்கு மாத்திரை'. படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், சால்பியூட்டமாலையும் வேலை செய்யவிடாது. ஒற்றைத் தலைவலிக்கும் அதை எழுதுவார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் ஆஸ்துமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க வகை மாத்திரைகள் கடும் இழுப்பில் மூச்சையே மட்டுப்படுத்தும்.

சில சமயம் மனக்கோளாறே ஆஸ்துமா மருந்தால் வரும். மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையிலும் தூக்கம் கெடும், கோபம் பொங்கும். மாற்றம் எந்த மருந்து தொடங்கிய பிறகு வந்தது என்று தேதியோடு குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.